மறதிக்கு ஓர் இரத்தப் பரிசோதனை: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

2025 மே 16ஆம் திகதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. ஃபுஜிரேபியோ நிறுவனத்தின் லுமிபல்ஸ் கருவியில் செய்யப்படும் அந்தப் பரிசோதனை, இரத்தத்தில் உள்ள இரண்டு புரதங்களை அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்து, ஒருவருடைய மூளையில் அல்சைமர் நோய்க்குரிய அமிலாய்ட் படிவு இருக்கக்கூடுமா என்று சொல்கிறது. அல்சைமர் நோயறிதலுக்கு உதவ அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் இரத்தப் பரிசோதனை இதுதான்.

அறளை பேர்ந்துபோன தாயையோ தந்தையையோ வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் மட்டக்களப்பில் தெருவுக்குத் தெரு உண்டு. பெத்தாவுக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது, சந்தைக்குப் போன மாமா வீட்டுக்கு வரும் வழியைத் தவறவிட்டார் என்ற கதைகளுக்கு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் குறைவில்லை, மேற்கே படுவான்கரையிலும் குறைவில்லை. இப்படி ஒரு பரிசோதனை வந்திருக்கிறது என்று அவர்களிடம் சொன்னால், "எங்கே செய்யலாம், எவ்வளவு முடியும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, அந்தத் தாளில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பரிசோதனையின் நம்பகத்தன்மையில் பாதிதான் கருவிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி, இரத்தம் நாளத்திலிருந்து கருவிக்குப் போய்ச் சேரும் வழியிலும், அது யாருடைய இரத்தம் என்பதிலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைச் சுவீடன் போன்ற வேறு நாட்டில் அளந்துவிட்டு மட்டக்களப்புக்குக் கடன் வாங்க முடியாது.

மூளை நரம்புக் கலங்கள் சிறிது சிறிதாக அழியும் நோய்கள் பலவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. உடலில் இயல்பாக இருக்கும் ஏதோவொரு புரதம் வடிவம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாமல் படிகிறது. 1906இல் ஜேர்மனியின் டியூபிங்கன் நகரில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையில் கண்டதாக அறிவித்த படிவுகளும் முடிச்சுகளும், பின்னாளில் பீற்றா அமிலாய்ட், டாவ் என்ற இரண்டு புரதங்கள் என்று தெரியவந்தன. பார்க்கின்சன் நோயில் படிவது ஆல்ஃபா சைனூக்ளின். குறொய்ற்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் நோயில் பிரியோன்.

உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் நூறு ஆண்டுக்கு மேலாக வைத்தியர்கள் அறிகுறிகளை வைத்தே நோயைக் கணித்தார்கள். அந்தக் கணிப்பு எவ்வளவு சரி? அமெரிக்காவின் அல்சைமர் நிலையங்களில், இறப்பதற்கு முன் வைத்தியர் சொன்னதையும் இறந்தபின் மூளையில் கண்டதையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. உண்மையில் அல்சைமர் இருந்தவர்களில் 71 முதல் 87 சதவீதம் பேரை வைத்தியர்கள் சரியாக இனங்கண்டிருந்தார்கள். இல்லாதவர்களை 'இல்லை' என்று சரியாகச் சொன்னதோ 44 முதல் 71 சதவீதம்தான். தேர்ந்த நிலையங்களிலேயே நிலை இது. ஆய்வுகூடத்திடம் உதவி கேட்பதில் ஓர் அவசியம் இருக்கிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று வாதிடுவது என் நோக்கமல்ல.

உயிரோடு இருப்பவரிடம் படிவைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அமிலாய்டில் ஒட்டும் கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் பெற் ஸ்கான். பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டி மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கான் இயந்திரம் பெற்றுக்கொடுக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அது புற்றுநோயாளருக்கானது. மறதி நோய்க்கு அந்த வழி நம்மில் அநேகருக்கு எட்டாதது, அதை அதோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது வழி மூளைமுண்ணாண் பாய்பொருள். முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுப்பது என்று ஊரில் சொல்வார்கள். அதைச் செய்தால் நடக்க முடியாமற் போகும் என்ற பயமும் கூடவே இருக்கிறது. மூளையைத் தொட்டு ஓடும் நீர் என்பதால் அங்கே நடப்பது இதில் தெளிவாகத் தெரியும். மூளையில் அமிலாய்ட் படியத் தொடங்கினால் இந்த நீரில் அமிலாய்ட் 42 என்ற வகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் இந்தப் பரிசோதனை ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர்களைத் தடுமாற வைத்தது. காரணம் எளியது. அமிலாய்ட் 42 ஒட்டும் தன்மையுள்ள புரதம். கண்ணாடிக் குழாயில் எடுத்தால் கண்ணாடியில் ஒட்டும். பொலிஸ்டைரீன் குழாயிலும் ஒட்டும். பொலிபுறொப்பிலீன் குழாய் பரவாயில்லை, ஆனால் அதிலும் அடியில் கொஞ்சமாக விட்டால், நீரின் அளவோடு பார்க்கும்போது தொடும் சுவர் அதிகம், ஒட்டுவதும் அதிகம். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுவரோடு போய்விடும். கருவி பிறகு குறைந்த அளவைக் காட்டும். குறைந்த அளவு என்றால் நோய் என்று பொருள். இப்படி, மூளையில் ஒன்றுமில்லாத ஒருவரைக் குழாய் நோயாளியாக்கிவிடலாம். 2021இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, புரதம் குறைவாக ஒட்டும் குழாயில் நேரடியாகச் சொட்ட விடவேண்டும், குழாயில் பாதிக்கு மேல் நிரப்பவேண்டும் என்றெல்லாம் சொல்வது இதனால்தான்.

ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபாடும் இருந்தது. சுவீடனின் கோத்தன்பேர்க் பல்கலைக்கழகம் 2009 முதல் ஒரே மாதிரியைப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டு வருகிறது. ஒரே நீர், எலைசா என்ற ஒரே வகை அளவீட்டு முறை, ஆனாலும் விடைகள் 13 முதல் 36 சதவீதம் வரை சிதறிக் கிடந்தன. கருவிகளைப் பொருத்திப் பார்க்க எல்லாருக்கும் பொதுவான சான்று மாதிரிகள் 2017இல்தான் கிடைத்தன. தானியங்கிக் கருவிகள் வந்தபின் சிதறல் வெகுவாகக் குறைந்தது. 'எங்கள் லேப்பில் இவ்வளவு என்றது, அவர்களுடைய லேப்பில் அவ்வளவு என்றது' என்ற குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

பிரியோன், ஆல்ஃபா சைனூக்ளின் ஆகியவற்றுக்கு இதே நீரில் வேறு ஓர் உத்தி கையாளப்படுகிறது. அதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பாருக்கு எருமைத் தயிர் போதும். பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றினால் பானை முழுவதும் தயிராகிறது. அதுபோல, ஆய்வுகூடத்தில் தயாரித்த நல்ல புரதத்துக்குள் நோயாளியின் நீரில் சில துளி விட்டு, சூடாக்கி, விட்டு விட்டுக் குலுக்குகிறார்கள். அந்தத் துளியில் வடிவம் கெட்ட புரதம் மிகச் சிறிதளவு இருந்தாலும் அது நல்ல புரதத்தைத் தன்வழிக்கு மாற்றிவிடும், ஒளிரும் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆர்டி-குயிக் எனப்படும் இம்முறை, பிரியோன் நோயைப் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் பிடிக்கிறது. இல்லாதவருக்கு 'உண்டு' என்று சொல்வது மிக அரிது. மூளைச் சோதனைகளில் இவ்வளவு உறுதியான இன்னொன்றைச் சொல்வது கடினம். பார்க்கின்சன் நோய்க்கு 1,123 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளரில் 87.7 சதவீதத்தினரில் ஆல்ஃபா சைனூக்ளின் கண்டறியப்பட்டது. ஆனால் எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணு மாற்றத்தால் நோய் வந்தவர்களில் அது 67.5 சதவீதமாக இறங்கியது. ஒரே நோய்ப் பெயர், உள்ளே வேறு வேறு வழிகள்.

இதிலும் தவறும் இடங்கள் உண்டு. உறை ஊற்றாத பாலும் நேரம் போனால் தானே திரியும். இங்கேயும் மணிக்கணக்கை மீறி விட்டுவைத்தால் நல்ல புரதம் தானாகவே ஒட்டத் தொடங்கும். எத்தனை மணியில் நிறுத்துவது என்பதை ஒவ்வோர் ஆய்வுகூடமும் கண்டிப்பாக வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊசி குத்தும்போது இரத்தம் கலந்து நீர் சிவந்துவிட்டால், இரத்தம் இந்த மாற்றத்தைத் தடுத்து, இருக்கும் நோயை இல்லையென்று காட்டலாம். ஆல்ஃபா சைனூக்ளினின் மொத்த அளவைப் பார்க்கும் பழைய எலைசாவில் இதற்கு எதிர்மாறு: செங்குழியங்கள் நிறைய அந்தப் புரதமே இருப்பதால், சிறு கலப்பும் அளவை ஏற்றிவிடும்.

மூன்றாவது வழிதான் இரத்தம். உலகம் இதற்குக் காத்திருந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சிக்கல், மூளையில் நடப்பது இரத்தத்தில் மிக மங்கலாகவே தெரிகிறது என்பது. முதுகு நீரில் பாதியளவு குறையும் அமிலாய்ட் 42இன் விகிதம், இரத்தத்தில் 8 முதல் 15 சதவீதம்தான் குறைகிறது. உடலின் வேறு பகுதிகளும் அமிலாய்டை இரத்தத்துக்குள் விடுவதே காரணம். கருவியின் சாதாரணப் பிசகே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடக்கூடும். இதைத் தாண்ட வழிகாட்டியது டாவ் புரதத்தின் ஒரு வகை. அதன் 217ஆம் இடத்தில் பொஸ்பேற்று ஒட்டியிருக்கும். சுருக்கமாக பி-டாவ்217 என்கிறார்கள். மூளையில் அமிலாய்ட் படிந்தவரின் இரத்தத்தில் இது சில சதவீதமாக அல்ல, மடங்குக்கணக்கில் உயர்கிறது. அதனால் சிறு பிசகுகளைத் தாங்குகிறது. 2024இல் சுவீடனில் 1,213 பேரிடம் செய்த ஆய்வில் இதை அடிப்படையாகக் கொண்ட பரிசோதனை 91 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. அதே ஆட்களைப் பார்த்த ஆரம்ப நிலை வைத்தியர்கள் 61 சதவீதமும் நிபுணர்கள் 73 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். இது பெரிய முன்னேற்றம். அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இனி அந்த இரத்தம் மண்டூரில் ஒரு மூதாட்டியின் கையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊதா மூடியுள்ள ஈடிடிஏ குழாயில் எடுக்கவேண்டும். சாதாரணச் சிவப்பு மூடிக் குழாயில் உறையவிட்டு எடுக்கும் சீரத்தில் இதே புரதங்கள் வேறு அளவு காட்டும், இரண்டையும் ஒன்றாக வாசிக்கக்கூடாது. எடுத்த கையோடு மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்கவேண்டும். பிறகு மைய நீக்கியில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும், இடையில் இருக்கும் வெண்படலத்தைத் தொடாமல் உறிஞ்சி எடுத்து, மறை 80 பாகை செல்சியஸில் உறைய வைக்கவேண்டும். சுழற்றுவதற்கு மணிக்கணக்கில் தாமதமானால் அமிலாய்ட் இறங்கிக்கொண்டே போகும். பி-டாவ்217 அதைவிடப் பொறுமையானது. ஆனால் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பரிசோதனையோ இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறது. பி-டாவ் மாறாமல் நிற்க, அமிலாய்ட் மட்டும் வெயிலில் குறைந்தால் விகிதம் ஏறும். ஏறினால் நோய்.

மண்டூரிலிருந்து அந்தக் குழாய் குருமண்வெளிக்கு வாவியைக் கடந்து 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் வரவேண்டும். பாதை மறுகரையில் நின்றால் அது வரும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு களுவாஞ்சிக்குடி வழியாக மட்டக்களப்பு நகருக்கு வீதிப் பயணம். பெரும்பாலான நாட்களில் வெளியே வெப்பம் 30 பாகையைத் தொடும். நகரில் சுழற்றி உறைய வைத்தாலும் இத்தகைய கருவி இருக்கும் இடம் கொழும்போ அதற்கும் அப்பாலோதான். உதயதேவி ரயிலில் போனாலும் இரவு பஸ்ஸில் போனாலும் உறைந்த மாதிரி உருகாமல் போகவேண்டும். உருகி மறுபடி உறைந்தால் அளவு மறுபடி மாறும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மறை 80 பாகையை ஓர் உறைபெட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பது மட்டக்களப்பில் நடைமுறைக் கேள்வி. கோத்தன்பேர்க்கில் அப்படி யாரும் கேட்கவேண்டியதில்லை.

கருவி செய்யும் தவறு பெரும்பாலும் அறிக்கையில் தெரிந்துவிடும், அதற்கெனக் கட்டுப்பாட்டு மாதிரிகள் இருக்கின்றன. வழியில் நடந்தது அறிக்கையில் தெரியாது. இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குச் சுழற்றியது என்ற இரண்டு நேரங்களும் படிவத்தில் எழுதப்படாத ஒரு பெறுபேற்றை, மூளைப் புரதங்களைப் பொறுத்தவரை, நான் பெறுபேறாகவே எடுக்கமாட்டேன்.

அடுத்தது சிறுநீரகம். பி-டாவ் இரத்தத்திலிருந்து வெளியேறும் வழிகளில் அதுவும் ஒன்று. சிறுநீரகம் பழுதானால் மூளையில் படிவு இல்லாமலே இரத்தத்தில் பி-டாவ் உயரும். அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளில் பல இதைக் காட்டியிருக்கின்றன. விகிதமாகப் பார்ப்பது இந்தப் பிழையைக் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. உடற்பருமன் எதிர்த்திசையில் இழுத்து அளவைக் குறைத்துக் காட்டுகிறது. சீனி வருத்தமும் பிரஷரும் எத்தனை பேரின் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கின்றன என்பதை நம் கிளினிக் கொப்பிகளைப் புரட்டினாலே தெரியும். எல்லைக்கு அப்பால் பொலன்னறுவை உட்பட வடமத்திய மாகாணத்தில் காரணம் விளங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுவது நாடறிந்தது. 'உண்டு', 'இல்லை' என்று பிரிக்கும் சுவீடனின் வெட்டெல்லை எண்ணை அப்படியே நம்மவருக்குப் போட்டால், சிறுநீரக நோயாளி மறதி நோயாளி ஆகிவிடுவார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் பார்க்காமல் பி-டாவ் பார்ப்பதில் பொருளில்லை. கிரியேற்றினின் பரிசோதனை நம் வைத்தியசாலைகளில் அன்றாடம் நடப்பதுதான்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. இது எளிய கணக்கு, ஆனால் படித்தவர்களையும் ஏமாற்றும். நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயற்ற நூறு பேரில் 90 பேரை விடுவிக்கும் ஒரு நல்ல பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வைத்தியர் பார்த்துச் சந்தேகப்பட்டு அனுப்பிய 1,000 பேரில் பாதிப்பேருக்கு நோய் இருக்கிறது என்றால், உண்மையான நோயாளரில் 450 பேருக்கும் நோயற்றவரில் 50 பேருக்கும் 'உண்டு' என்று வரும். 'உண்டு' என்ற 500 பேரில் 450 பேருக்கு உண்மையிலேயே உண்டு. நம்பலாம். அதே பரிசோதனையை ஒரு தனியார் ஆய்வுகூடம் முழு உடல் பரிசோதனைப் பொதியில் சேர்த்து, வயதான 1,000 பேருக்குச் செய்கிறது என்று வையுங்கள். அவர்களில் 50 பேருக்குத்தான் நோய். 45 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 950 பேரில் 95 பேருக்கும் 'உண்டு' என்று வரும். மொத்தம் 140 பேர் கையில் அந்தத் தாள். அவர்களில் 95 பேருக்கு அது பொய். கருவி அதே, குழாய் அதே, இரத்தம் எடுத்தவரும் அவரே. மாறியது, யாருக்குச் செய்தார்கள் என்பது மட்டும்.

அமெரிக்க அனுமதியின் பின்னால் இருக்கும் எண்களையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும். 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்குப் படிவு இருந்தது, 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு இல்லை. அந்த 499 பேரும் ஏற்கெனவே மறதிக் குறைபாட்டோடு வந்தவர்கள். அனுமதியும் 55 வயதுக்கு மேற்பட்ட, அறிகுறி உள்ளவர்களுக்கு, சிறப்பு நிலையங்களில் மட்டுமே. அப்படியிருந்தும் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு விடை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு எல்லைகளுக்கும் இடையில் விழுந்தது. அந்த நடு வலயத்தை நான் குறையாக எண்ணவில்லை. 'தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த பரிசோதனை, எல்லாருக்கும் ஆம் இல்லை என்று வெட்டிச் சொல்வதைவிட நேர்மையானது. அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த அளவிலேயே நிற்கிறது: மேல் சோதனைக்கு அனுப்பும் வடிகட்டியாக இருக்க 90 சதவீத உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிப்பது) 75 சதவீதத் தனித்தன்மையும் (நோயற்றவரை விடுவிப்பது) வேண்டும், உறுதிப்படுத்தும் சோதனையாக இருக்க இரண்டும் 90க்குக் குறையக்கூடாது, நிபுணர் பார்க்காமல் செய்யக்கூடாது.

படிவு இருந்தால் நோய் இருக்கிறது என்றும் ஆகாது. மறதியே இல்லாதவர்களில் 50 வயதில் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் நூற்றுக்கு 44 பேருக்கும் அமிலாய்ட் இருப்பதாக 2015இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வு கண்டது. அவர்களில் பலர் மறதி வராமலே வாழ்ந்து முடிப்பார்கள். 2024இல் அல்சைமர் சங்கத்தின் நிபுணர் குழு, புரதம் இருந்தாலே அது அல்சைமர் நோய் என்று வரையறுத்தபோது, சர்வதேசச் செயற்குழு ஒன்று அதை ஏற்க மறுத்தது: அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று அழைக்கக்கூடாது, ஆபத்து அதிகமுள்ளவர் என்றே சொல்லவேண்டும் என்றது. என் மனம் இரண்டாம் தரப்பின் பக்கம். முகத்துவாரத்தில் தோணி தள்ளிக்கொண்டிருக்கும் 60 வயது மனிதரிடம், உங்களுக்கு அல்சைமர் என்று ஒரு தாளை வைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இரத்தப் பரிசோதனையை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோம் என்பது இன்னும் பேசப்படாத பக்கம். ஒருவருக்கு மறதி நோய் இருக்கிறதா என்று முதலில் தீர்மானிப்பது கேள்விகளும் விடைகளும்தான். அவை சரியில்லையென்றால் புரதம் எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டாலும் பயனில்லை. தமிழ் பேசும் மண்ணிலேயே இதற்குக் கண்முன் சான்று உண்டு. 10/66 என்ற சர்வதேச ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் பார்த்தது. 2008இல் வெளிவந்த முடிவில், அமெரிக்க மனநல வரையறையின்படி கிராமப்புற இந்தியாவில் மறதி நோய் 0.3 சதவீதம் மட்டுமே. அந்தக் குழு பள்ளிக்கூடம் போகாதவர்களையும் கருத்தில் கொண்டு வகுத்த தன் சொந்த முறையில் பார்த்தபோது, குழு ஆய்ந்த எந்த நாட்டு இடத்திலும் நோயின் பங்கு 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை. அதே ஊர், அதே மனிதர்கள், அளவுகோல் மாறியதும் நோய் பல மடங்கானது. இலங்கையில் ராகமைப் பகுதியில் 2003இல் வெளியான கணக்கெடுப்பு 65 வயதுக்கு மேல் 3.98 சதவீதம் என்றது. அதற்கு முந்திய ஆண்டில், கேள்விகளால் நினைவைச் சோதிக்கும் சிறுமன நிலைப் பரிசோதனையைச் சிங்களத்தில் சரிபார்த்திருந்தார்கள்.

மட்டக்களப்பின் தமிழுக்கும், காத்தான்குடி, ஏறாவூரின் தமிழுக்கும் அந்தக் கவனம் வேண்டும். இது எந்தப் பருவகாலம் என்று கேட்டால் இங்கே மாரி, கோடை என்ற இரண்டைத்தான் சொல்வார்கள். நான்கு பருவம் எதிர்பார்க்கும் தாளில் அது பிழை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்ட ஒரு தலைமுறை விழிக்கும். அதே பெண் அரிசி, மீன், கடன் எல்லாவற்றுக்கும் மனக்கணக்கில் பிசகமாட்டாள். போர் நடந்த 1990இல் பிள்ளையைப் பறிகொடுத்து, 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டையும் கடலுக்குக் கொடுத்த ஒருவர் எதையும் கவனிக்காமல், எதையும் நினைவில் வைக்காமல் இருந்தால், அது புரதப் படிவா, ஆறாத துயரமா? துயரம் மறதியாகத் தோன்றுவதை மனநல வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். அதை எந்த இரத்தக் குழாயும் பிரித்துக் காட்டாது. உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதர்தான் பிரித்தறிவார்.

மாற்றக்கூடிய காரணங்கள் இதற்குள் மறைந்து கிடப்பதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. தைரொயிட் குறைந்தால் மறதி வரும். பி12 குறைந்தால் வரும்; சீனிக்கு ஆண்டுக்கணக்கில் மெற்ஃபோமின் குளிசை போடுபவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விடயம். சைக்கிளிலிருந்து விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் மெதுவாகத் தேங்கும் இரத்தம், தூக்கத்துக்கும் சளிக்கும் போடும் சில குளிசைகள், அடிக்கடி இறங்கும் சீனி எல்லாமே அறளை போலத் தோன்றும். இவற்றுக்கான சோதனைகள் மலிவு, பல பத்தாண்டு பழகியவை. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டு, கொழும்புக்கு அனுப்பிய பி-டாவ் அறிக்கைக்காகக் காத்திருப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

'உண்டு' என்று உறுதியாகிவிட்டால் என்ன செய்யலாம் என்பதும் நம்பகத்தன்மையோடு பிணைந்த கேள்வி. லெக்கனெமாப், டொனனெமாப் என்ற மருந்துகள் முறையே 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. இவை நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. நாளத்தில் ஏற்றவேண்டும், மூளை வீக்கமும் கசிவும் வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்கவேண்டும், விலையும் நம் குடும்பங்கள் தாங்குவதல்ல. மருந்து எட்டாத இடத்திலும், ஏன் இப்படி நடக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்கு மதிப்பு உண்டு. வேணுமென்றே செய்கிறார் என்று வயதான தாயிடம் கத்திக்கொண்டிருந்த மகள், இது வருத்தம் என்று விளங்கிய நாளிலிருந்து மாறிவிடுவாள். ஆனால் அந்த விளக்கத்தைத் தர நல்ல வைத்தியர் ஒருவரின் அரைமணி நேரம் பெரும்பாலும் போதும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயது கடந்தோர் 12.4 சதவீதம், அதன்பின் அந்தப் பங்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தை ஒதுக்க ஆட்கள் வேண்டும்.

நம்பிக்கைக்கு இடம் தரும் ஒரு திசையும் இருக்கிறது. விரல் நுனியில் குத்தி, இரத்தத் துளிகளை அட்டையில் உலரவிட்டு, சாதாரணத் தபாலில் அனுப்பி, அதிலிருந்து பி-டாவ்217ஐ அளக்கும் ஆய்வுகள் ஐரோப்பாவில் நடக்கின்றன. நாளத்து இரத்தத்தின் துல்லியம் இன்னும் அதற்கு இல்லை. ஆனால் குளிர்ப் பெட்டி வேண்டாம், மைய நீக்கி வேண்டாம், மின்வெட்டு ஒன்றும் செய்யாது. இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. இலங்கையில் பிறக்கும் குழந்தைகளின் குதிகாலில் குத்தி, வடிதாளில் உலர்த்திய இரத்தத்தைத் தூர ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பிறவித் தைரொயிட் குறைபாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். குழந்தைக்குச் செய்யும் வழி மூதாட்டிக்கும் திறக்கலாம்.

அதைத் திறக்க ஓர் ஆய்வு வேண்டும், அதை இங்கேயே செய்யலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் ஒரே நகரில் இருக்கின்றன. இறந்தவர்களின் மூளைகளைக் கொண்டு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தினர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பு நோயியலாளர்களோடு சேர்ந்து செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே அல்சைமர் மாற்றங்களோடு இரத்தக்குழாய்ப் பாதிப்பும் சேர்ந்தே வருவதைக் கவனிக்கச் சொன்னது. அதனால் ஒரு புரதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஒரே ஆளிடமிருந்து ஒரே நேரத்தில் நாளத்து இரத்தமும் விரல் துளியும் எடுக்கவேண்டும். ஒரு பங்கை உடனே சுழற்றி உறைய வைக்கவேண்டும். இன்னொன்றைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடத்தி, வெயிலில் அனுப்பி, சாதாரணமாக வந்துசேரும் நேரத்தில் சுழற்றவேண்டும். கிரியேற்றினின், பி12, தைரொயிட் எல்லாருக்கும் பார்க்கவேண்டும். ஊர்த் தமிழில் சரிபார்த்த கேள்விகளை, ஊரில் பிறந்த ஒருவர் கேட்கவேண்டும். அதே ஆட்களை மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு வரும் வெட்டெல்லை எண்தான் நம் மூதாட்டிகளுக்கு உரிய எண்.